செத்தவர் காபி குடிக்கக் கூடாது

தொடர்கதையில் நேரும் விபத்துகளில் பெரியது மறதி. பன்னிரண்டாம் வாரம் மாரடைப்பில் போய்ச் சேர்ந்த பெரியப்பா, முப்பதாம் வாரம் திண்ணையில் உட்கார்ந்து காபி குடிப்பார். கதாநாயகியின் சொந்த ஊர் முதல் அத்தியாயத்தில் கும்பகோணமாக இருக்கும், இருபதாவதில் குடவாசலாகிவிடும். எழுதுகிறவர் கண்ணில் இது படாது. அடுத்த வாரம் வரும் வாசகர் கடிதத்தில் தவறாமல் படும். கதைகளைத் திட்டமிடவும் ஒழுங்குபடுத்தவும் இன்று விற்கப்படும், இலவசமாகவும் கிடைக்கும் மென்பொருள்கள் எல்லாம் முதன்மையாக இந்த மறதிக்கான மருந்துதான். விளம்பரங்களில் கற்பனை, படைப்பாற்றல் என்று பெரிய பேச்சு இருக்கும். அதைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் மிஞ்சுவது கணக்குப்பிள்ளை வேலை: யார், எங்கே, எந்தத் தேதியில், யாருக்கு எது தெரியும்.

அந்த வேலையைக் குறைத்து மதிப்பிடவும் முடியாது. பெரிய நாவல்கள் பல நடுவழியில் நின்றுபோவதற்குக் கற்பனை வறட்சியைவிடக் கணக்கு தவறிப்போவதே அடிக்கடி காரணமாகிறது.

நோட்டு, அட்டை, ஒன்லைன்

கருவிகள் புதிது, வேலை பழையது. கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் வந்தது, ஐந்து பாகங்களாக. கதைக்குள் ஓடும் காலமோ ஆடிப்பெருக்கில் தொடங்கி ஓராண்டுக்குள் முடிந்துவிடுகிறது. மூன்றரை ஆண்டு எழுதியவர் கதையில் ஓராண்டைக்கூடத் தாண்டவில்லை. யார் எந்த இரவு கடம்பூரில் இருந்தார், யார் அப்போது நாகப்பட்டினத்தில் இருந்தார் என்று ஏதோ ஒரு வகையில் குறித்து வைக்காமல் இது நடக்கிற காரியமில்லை. கதை முடிந்த பிறகும் வாசகர்கள் விடவில்லை. இன்னார் பிறகு என்ன ஆனார் என்று கேட்டார்கள். முடிவுரையில் கல்கி அதற்கும் பதில் எழுதினார்.

விளாதிமிர் நபக்கோவ் நாவலைச் சிறு அட்டைகளில் எழுதி, அட்டைகளை மாற்றி மாற்றி அடுக்கிக்கொள்வார். ஹாரி பாட்டரின் ஐந்தாம் புத்தகத்துக்கு ஜே. கே. ரௌலிங் கையால் கோடு போட்ட அட்டவணை புகழ்பெற்றது: இடப்பக்கம் அத்தியாயமும் மாதமும், மேலே ஒவ்வொரு கிளைக்கதைக்கும் ஒரு பத்தி. அந்தத் தாளைப் பார்த்தவர்களுக்கு எக்செல் எதற்கு என்று தனியாக விளக்க வேண்டியதில்லை.

கோடம்பாக்கத்தில் இதற்கென்று தனிப் பேச்சே உண்டு. கதை டிஸ்கஷனில் முதலில் பிடிபடுவது ‘ஒன்லைன்’. அதைக் காட்சி காட்சியாக அடுக்கினால் ‘சீன் ஆர்டர்’. வசனத்தோடு முழுவதும் எழுதிக் கட்டினால் ‘பவுண்ட் ஸ்கிரிப்ட்’. படப்பிடிப்பு நாளில் கையில் மடித்து வைத்திருப்பது ‘சீன் பேப்பர்’. சட்டை நிறம், தாடி நீளம், டம்ளரில் மிச்சமிருக்கும் காபி இவற்றையெல்லாம் காவல் காக்கிற உதவி இயக்குநரின் பொறுப்பு ‘கன்டினியூட்டி’. பாரத் எலக்ட்ரானிக்ஸில் பொறியாளராக இருந்த சுஜாதா ‘திரைக்கதை எழுதுவது எப்படி?’ என்று ஒரு நூலே எழுதி, இந்தத் தொழிலின் உள்கணக்கைச் சாதாரண வாசகருக்கும் திறந்து காட்டினார். தொலைக்காட்சியில் இந்தச் சுமை இன்னும் கூடுதல். 2003 முதல் 2009 வரை ஓடிய ‘கோலங்கள்’ 1500 எபிசோடுகளைத் தாண்டியது. கதை ஒருவர், திரைக்கதை ஒருவர், வசனம் ஒருவர் என்று கை மாறும் தொழிலில், யார் யாரிடம் எந்த உண்மையை மறைத்தார் என்பது எழுத்தில் இல்லாவிட்டால் டிராக் குலைந்துவிடும்.

இன்னொரு பரம்பரையும் உண்டு: கதையையே தயாரித்துக் கொடுக்கிற கருவிகள். 1928-இல் அமெரிக்க மலிவுப் பதிப்பு எழுத்தாளர் வில்லியம் வாலஸ் குக் ‘பிளாட்டோ’ என்ற புத்தகத்தில் 1,462 கதைச் சூழல்களை எண் போட்டு, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவ வழி சொன்னார். அதே ஆண்டு ரஷ்யாவில் விளாதிமிர் பிராப், மாயக் கதைகள் எல்லாம் 31 செயல்களின் வரிசைக்குள் அடங்கும் என்று காட்டினார். பிராப் செய்தது ஆராய்ச்சி, குக் செய்தது வியாபாரம். இரண்டுமே பிற்காலக் கதை இயந்திரங்களுக்குப் பாட்டன் முறை. இந்தக் கிளையில் எண்ணிக்கைக்குக் குறைவில்லை. நினைவில் நிற்கும் கதை ஏதும் இதிலிருந்து வந்ததாகத் தெரியவில்லை.

காட்சி என்ற செங்கல்

வேர்டு போன்ற சாதாரண எழுத்துச் செயலிகள் நாவலை ஒரே நீளச் சுருளாகப் பார்க்கின்றன. நானூறு பக்கச் சுருளில் 212-ஆம் பக்கத்துக் காட்சியை 90-ஆம் பக்கத்துக்குக் கொண்டுபோவது வெட்டி ஒட்டும் வேலை. ஒட்டும்போது ஒரு பத்தி காணாமல் போவதும் வழக்கம். கதைத் திட்ட மென்பொருள்கள் இங்கேதான் பிரிகின்றன. அவற்றுக்கு அடிப்படை அலகு காட்சி. ஒவ்வொரு காட்சியும் தனிக் கோப்பு. அதன் தலையில் ஒரு அட்டை, அட்டையில் இரண்டு வரிச் சுருக்கம். அட்டையை நகர்த்தினால் காட்சியும் கூடவே நகரும்.

இவற்றில் பெயர் பெற்றது ஸ்க்ரிவனர். நாவல் எழுத முயன்றுகொண்டிருந்த கீத் பிளௌன்ட் என்ற பிரிட்டிஷ்காரர் தனக்கு ஏற்ற கருவி கிடைக்காமல், நிரலெழுதக் கற்றுக்கொண்டு தானே உருவாக்கியது. மேக் கணினிக்கு 2007-இலும் விண்டோஸுக்கு 2011-இலும் வந்தது. திரையின் இடப்புறம் பாகம், அத்தியாயம், காட்சி என்ற மரம், நடுவில் தக்கைப் பலகையில் குத்திய அட்டைகள் அல்லது எழுதும் தாள், வலப்புறம் குறிப்புகள். திருத்துவதற்கு முன் காட்சியின் அப்போதைய நிலையைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளும் வசதி உண்டு. பழைய வடிவமே தேவலை என்று தோன்றினால் அதற்குத் திரும்பலாம். எல்லாம் முடிந்ததும் துண்டுகளைக் கோத்து ஒரே பிரதியாகத் தரும்.

ஆஸ்திரேலிய நாவலாசிரியரும் நிரலாளருமான சைமன் ஹெய்ன்ஸ் உருவாக்கிய ‘ஒய்ரைட்டர்’ தோற்றத்தில் எளியது, கேள்வி கேட்பதில் கறாரானது. ஒவ்வொரு காட்சிக்கும் இது யார் கண் வழியே வருகிறது, அவர் என்ன வேண்டி நிற்கிறார், எது தடுக்கிறது, முடிவில் என்ன ஆயிற்று என்று தனித்தனிக் கட்டங்கள் வைத்திருக்கிறது. காலக்கோட்டையே மையமாகக் கொண்ட கருவி ‘ஏயான் டைம்லைன்’. குறிப்புகளைப் பெயரால் ஒன்றோடொன்று முடிச்சுப் போடும் ‘அப்சிடியன்’ கதைக்கென்று பிறந்ததில்லை. ஆனாலும் நாவலாசிரியர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு பெயரைத் தொட்டால் அந்த ஆள் வரும் இடமெல்லாம் வரிசையாக வந்து நிற்கும். ‘மனுஸ்கிரிப்ட்’, ‘பிளாட்டர்’, ‘பிபிஸ்கோ’ என்று பட்டியல் நீளும். ஒன்றைக் கற்றவருக்கு மற்றவை அரை நாள் வேலை.

ஆயுத பூஜை இரவு

இந்தக் கருவிகள் எங்கே உதவுகின்றன, எங்கே கைவிடுகின்றன என்பது ஒரு கதையை உள்ளே போட்டுப் பார்த்தால்தான் தெரியும். கவரைப்பேட்டையில் நடக்கும் கற்பனை நாவல் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். ஊர் நிஜமானது. சென்னை சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி தடத்தில் சுமார் 40 கிலோமீட்டர், பொன்னேரிக்கு அடுத்து. ஒரு பக்கம் கொல்கத்தா நெடுஞ்சாலையும் சத்தியவேடு போகும் சாலையும். ஆர்.எம்.கே., ஆர்.எம்.டி. பொறியியல் கல்லூரிகள். வடக்கே கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் புகைபோக்கிகள். மாந்தர்கள் கற்பனை: கம்பி உருட்டும் ஆலையில் கான்ட்ராக்ட் தொழிலாளியான செல்வம், தி. நகர் துணிக்கடையில் வேலை பார்த்துவிட்டு இரவு யூனிட் வண்டி எனப்படும் புறநகர் மின்ரயிலில் திரும்பும் தங்கை செல்வி. செல்வத்தின் அறையில் தங்கியிருக்கும் ஒடிசாக்காரர்.

நாவலின் மையக் காட்சிக்கு நிஜ நிகழ்ச்சி ஒன்று இருக்கிறது. 2024 அக்டோபர் 11, வெள்ளிக்கிழமை இரவு எட்டரை மணி அளவில் மைசூரு–தர்பங்கா பாக்மதி எக்ஸ்பிரஸ் கவரைப்பேட்டையில் மெயின் லைனில் போக வேண்டியது லூப் லைனுக்குள் புகுந்து, அங்கே நின்றிருந்த சரக்கு ரயில் மீது மோதியது. பல பெட்டிகள் தடம் புரண்டன. பலர் காயமடைந்தார்கள், உயிர்ச்சேதம் இல்லை. எழுத்தாளர் முதல் வரைவில், தங்கைக்காகப் பிளாட்பாரத்தில் காத்திருக்கும் செல்வத்தை இந்த மோதலைக் கண்ணால் பார்க்க வைக்கிறார். நல்ல காட்சி. மென்பொருளின் காலக்கோட்டில் அதைப் போட்டதும் கதை இடறுகிறது.

ஐந்தாம் அத்தியாயத்தில் செல்வத்துக்கு வாரம் ஒரு ஷிப்டு என்று எழுதியாகிவிட்டது: ஏ ஷிப்டு காலை 6 முதல் 2, பி ஷிப்டு 2 முதல் இரவு 10, சி ஷிப்டு இரவு 10 முதல் காலை 6. அங்கிருந்து எண்ணிக்கொண்டு வந்தால் அக்டோபர் 7 தொடங்கும் வாரம் அவனுக்கு பி. இரவு எட்டரைக்கு அவன் உலை அருகே கையுறையோடு நிற்க வேண்டியவன்; பிளாட்பாரத்தில் நிற்க வழியில்லை. மென்பொருள் இதைத் தானாகக் கண்டுபிடித்துக் கூவாது. ஷிப்டுகளை ஒரு வண்ணத்திலும் காட்சிகளை இன்னொரு வண்ணத்திலும் போட்டிருந்தால் இரண்டு பட்டைகளும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கும். பார்க்கிற கண் பார்த்துக்கொள்ளும்.

இப்போது எழுத்தாளருக்கு இரண்டு வழி. ஷிப்டை மாற்றலாம், அப்படிச் செய்தால் முன்னால் உள்ள நான்கு அத்தியாயங்களைத் தட்டிச் சீராக்க வேண்டும். அல்லது காலண்டரைக் கிழித்துப் பார்க்கலாம். அக்டோபர் 11 குரோதி ஆண்டு புரட்டாசி 25, ஆயுத பூஜை. ஆலையில் பூசணிக்காய் சுற்றி உடைத்து, பொரியும் கடலையும் கொடுத்து, உலையை அணைத்து ஆளை அனுப்பிவிட்டார்கள் என்று எழுதினால் செல்வம் பிளாட்பாரத்துக்கு வந்துவிடுகிறான், கையில் பொரிப் பொட்டலத்தோடு. அந்தப் பொட்டலம் முதல் வரைவில் இல்லை. கணக்கு இடித்ததால் வந்தது. திட்டமிடும் மென்பொருள் எழுத்தாளருக்குத் தரக்கூடிய உண்மையான லாபம் இதுதான்: முரணைக் கண் முன்னால் நிறுத்துகிறது, முரணைத் தீர்க்கப்போகிற கை கதையைக் கண்டெடுக்கிறது.

அதே காலண்டர் இன்னும் சிலவற்றையும் திருத்துகிறது. முதல் வரைவில் அது கும்மிருட்டு இரவு. அன்றைக்கு வளர்பிறை, பாதியைச் சற்றே தாண்டிய நிலா அந்த நேரத்தில் தென்மேற்கு வானத்தில் இருந்தது, பௌர்ணமி 17-ஆம் தேதி. மேகம் போட்டு மறைக்கலாம், அமாவாசை ஆக்க முடியாது. ஆலையில் பூஜை காலை பதினொன்றுக்கு என்று எழுதியிருந்தால் அதுவும் போச்சு: வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை ராகு காலம், பார்க்கிற முதலாளி அந்த நேரத்தில் சூடம் கொளுத்த மாட்டார். செல்வம் அன்று மத்தியானம் பிரியாணி சாப்பிட்டான் என்ற வரியும் புரட்டாசி விரதக்காரர் வீட்டில் நிற்காது. இவை எதற்கும் அமெரிக்காவிலோ ஆஸ்திரேலியாவிலோ எழுதப்பட்ட மென்பொருளில் கட்டம் கிடையாது. தமிழ்த் தேதி, திதி, ராகு காலம், ஷிப்டு ஆகியவற்றுக்குத் தனிப் புலங்களை எழுத்தாளரே சேர்த்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலான கருவிகள் இதற்கு இடம் தருகின்றன, செய்துகொள்கிறவர்கள்தான் குறைவு.

யாருக்கு எது தெரியும் என்பது இன்னொரு பத்தி, தேதியைவிட நுட்பமானது. செல்வி குழுக் கடன் எடுத்தது அண்ணனுக்குப் பத்தொன்பதாம் அத்தியாயத்தில்தான் தெரியவருகிறது. பதினான்காவதில் நடக்கும் சண்டையில் அவன் ‘கடன்காரி’ என்று திட்டுகிறான். எழுதுகிறவருக்கு முன்கூட்டியே தெரிந்த ரகசியம் மாந்தர் வாயில் வந்துவிட்டது. கதையில் இதுதான் மிகச் சகஜமான கசிவு. காட்சி அட்டையில் ‘இதில் யார் எதைப் புதிதாக அறிகிறார்’ என்ற ஒரே ஒரு புலம் இருந்தால் பாதிக் கசிவு அடைபடும்.

கருப்பொருள் ஒரு படிவம்

இடத்துக்கான படிவத்தில் பெரும்பாலான மென்பொருள்கள் கேட்பது சொற்பம்: பெயர், வருணனை, ஒரு புகைப்படம். தமிழ் எழுத்தாளருக்கு இதைவிட நிறைவான படிவம் கையிலேயே இருக்கிறது. தொல்காப்பியம் ஒரு பாடலின் உலகை முதல், கரு, உரி என்று மூன்றாகப் பிரித்தது: நிலமும் பொழுதும், அங்கே வாழ்வனவும் வழங்குவனவும், அந்த இடத்துக்குரிய உணர்வு. பின்னால் வந்த நம்பியகப்பொருள் கருப்பொருளை 14 ஆக எண்ணியது: தெய்வம், உயர்ந்தோர், மற்றோர், பறவை, விலங்கு, ஊர், நீர், பூ, மரம், உணவு, பறை, யாழ், பண், தொழில். இதை அப்படியே ஒரு தரவு அட்டவணையின் தலைப்புகளாக்கலாம். யாழையும் பண்ணையும் பேருந்து ஸ்பீக்கர் என்று மாற்றிக்கொண்டால் இருபத்தோராம் நூற்றாண்டுக்கும் பொருந்தும்.

கவரைப்பேட்டைக்கு இந்தப் பதினான்கையும் நிரப்பிப் பார்த்தால் ஊரின் விசித்திரம் வெளியே வரும். நீர் என்ற கட்டத்தில் ஆரணியாறு. தொழிலில் நெல்லும் இரும்பும் அடுத்தடுத்து. மற்றோர் என்ற கட்டத்தில் போஜ்புரியும் ஒடியாவும் பேசுகிறவர்கள். உணவில் இட்லிக்குப் பக்கத்திலேயே அவர்களுக்கான ரொட்டி. கிழக்கே போனால் பழவேற்காட்டு உப்பங்கழி நெய்தலாகிவிடுகிறது. எந்தத் திணை என்று ஒற்றைச் சொல்லில் சொல்ல முடியாத இடம் இது, நாவலாசிரியருக்கு வேண்டியதும் இப்படிப்பட்ட இடம்தான். படிவம் பாதி வெறுமையாக இருந்தால் எழுத்தாளர் இன்னும் அந்த ஊருக்குப் போகவில்லை என்று தெரிந்துகொள்ளலாம்.

தேடினால் கிடைக்காத செல்வம்

தமிழில் எழுதுகிறவர் சந்திக்கும் சிக்கல்களில் பல மென்பொருள் விளக்கக் குறிப்புகளில் இருப்பதில்லை. முதலாவது, வேற்றுமை உருபு. ஆங்கிலப் பெயர் வாக்கியத்தில் எங்கே வந்தாலும் உருமாறாது. தமிழில் செல்வம், செல்வத்தை, செல்வத்துக்கு, செல்வத்திடம் என்று ஆள் மாறுவேடம் போடுகிறான். ‘செல்வம்’ என்று தேடினால் ‘செல்வத்திடம்’ வராது. ‘செல்வ’ என்று சுருக்கித் தேடினால் பல செயலிகளில் தங்கை செல்வியும் கூட வந்து நிற்பாள்: கணினி பார்வையில் ‘வி’ என்பது ‘வ’வும் அதன் பின்னால் ஓர் இகரக் குறியும் சேர்ந்தது. அண்ணன் தங்கைக்கு ஒத்த பெயர் வைப்பது நம் வீடுகளில் இயல்பு; மென்பொருளில் வைத்து எழுதும்போது, வரைவு முடியும்வரை ஒருவருக்குத் தற்காலிகமாக வேறு பெயர் சூட்டி, கடைசியில் மாற்றிக்கொள்வது எளிது. அந்த மாற்றத்திலும் எச்சரிக்கை வேண்டும். செல்வத்தைக் குமாராக்கினால் ‘செல்வத்திடம்’ ‘குமாரத்திடம்’ ஆகிவிடக்கூடாது.

இரண்டாவது, ஒரே எழுத்துக்கு இரண்டு வடிவம். ‘கொ’ என்பதை யூனிகோடில் ‘க’வோடு ஒரே ஒகரக் குறியாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பும் துணைக்காலும் தனித்தனியாகவும் போடலாம். திரையில் வேறுபாடு தெரியாது. இரண்டையும் ஒன்றாகப் பாவிக்கத் தெரியாத செயலியில் தேடினால் பாதிதான் கிடைக்கும். ‘ஔவை’யை ஒகரமும் ளகரமுமாகச் சேர்த்து ‘ஒளவை’ என்று அடிப்பது இதைவிடப் பரவலான பிழை. அது கண்ணுக்கும் பிடிபடாது. ‘ஸ்ரீ’க்கும் இரண்டு குறியீட்டு வழி உண்டு. மூன்றாவது, அகர வரிசை. யூனிகோடில் தமிழுக்கு ஒதுக்கிய 128 இடங்களில் ‘ன’ ‘ந’வுக்குப் பக்கத்திலும் ‘ற’ ‘ர’வுக்குப் பக்கத்திலும் உட்கார்ந்திருக்கின்றன. குறியெண்ணை மட்டும் பார்த்து வரிசைப்படுத்தும் செயலியில் மாந்தர் பட்டியல் அகராதி ஒழுங்கில் வராது.

பெயர்களின் பெருக்கம் வேறு. பொன்னியின் செல்வனும் அருள்மொழிவர்மனும் ஒருவரே. திரௌபதிக்குப் பாஞ்சாலி, கிருஷ்ணை என்று பல பெயர். 2014 தொடக்கத்திலிருந்து 2020 வரை ஜெயமோகன் இணையத்தில் நாள்தோறும் எழுதிய ‘வெண்முரசு’ 26 நாவல்கள், 20,000 பக்கங்களுக்கு மேல். மகாபாரதத்தின் மாந்தர்கள் அவ்வளவு பேரும், அவரவருக்குள்ள பல பெயர்களும் அங்கே உண்டு. தமிழில் அந்த அளவுக்கு விரிந்த புனைவைப் படிக்கிறவருக்கே பெயர்க் குறிப்பு தேவைப்படும். எழுதுகிறவரின் மேசையைச் சொல்லவே வேண்டாம். மாற்றுப் பெயர்களுக்கு ‘அலியாஸ்’ என்ற ஒரு புலம் அப்சிடியனிலும் இன்னும் சிலவற்றிலும் இருக்கிறது. வேற்றுமை உருபேறிய வடிவங்களையும் அதிலேயே போட்டுவைப்பது தமிழுக்குச் செய்துகொள்ளக்கூடிய நல்ல கைவைத்தியம்.

கோப்பு எந்த வடிவில் சேமிக்கப்படுகிறது என்பதும் பார்க்க வேண்டியது. ஸ்க்ரிவனர் காட்சிகளை ஆர்.டி.எஃப். கோப்புகளாக வைக்கிறது, அதற்குள் ‘க’ என்ற எழுத்து 2965 என்ற எண்ணாகப் பதிவாகிறது. செயலி திறந்திருக்கும்வரை கவலையில்லை. செயலி கெட்டு, கோப்பை வெறும் எழுத்துப் பதிப்பியில் திறந்தால் தமிழுக்குப் பதிலாக எண்களின் ஊர்வலம் தெரியும். வெறும் உரையாகச் சேமிக்கும் கருவிகளில் இந்த அச்சம் இல்லை. இருபது ஆண்டு கழித்தும் எந்தக் கணினியும் அதைப் படிக்கும். பழைய எழுத்துருக்களில் அடித்த கதைகளை இன்று திறக்க முடியாமல் தவிக்கும் மூத்த எழுத்தாளர்களைக் கேட்டால் இந்த ஒரு விஷயத்தில் அலட்சியம் கூடாது என்பார்கள்.

அளவு கணக்கும் ஒத்துவராது. 1999-இல் அமெரிக்காவில் தொடங்கிய ‘நாவல் எழுதும் மாதம்’ என்ற இயக்கம் முப்பது நாளில் 50,000 சொல் என்று இலக்கு வைத்தது. பல மென்பொருள்களின் இலக்கு அளவியும் சொல்லைத்தான் எண்ணுகிறது. தமிழில் ‘போகவேண்டியிருந்திருக்காது’ என்பது ஒரு சொல். அதே இலக்கைத் தமிழில் வைத்தால் நாவல் இன்னும் தடிமனாகும். தமிழ்ப் பத்திரிகைகள் பக்கத்தால் கேட்கின்றன: ஒரு பக்கக் கதை, நாலு பக்கக் கதை. அளவியைச் சொல்லிலிருந்து எழுத்துக்கு மாற்றிக்கொள்வது நல்லது.

பெரிய எழுத்து இல்லாத மொழியில் திரைக்கதை

திரைக்கதை மென்பொருள்களின் சங்கடம் தனி. ஹாலிவுட்டின் ஃபைனல் டிராஃப்டும் அதன் உறவினர்களும் ஆங்கிலத்தின் பெரிய எழுத்துகளை நம்பிக் கட்டப்பட்டவை. 2012-இல் வந்த ‘ஃபவுன்டன்’ வெறும் உரையிலேயே திரைக்கதை எழுதும் முறை. இலவசம், எந்தச் செயலியிலும் ஓடும். அதிலும் தனி வரியில் பெரிய எழுத்தில் வந்தால்தான் மாந்தர் பெயர் என்று கணினி புரிந்துகொள்ளும். தமிழில் பெரிய எழுத்து ஏது? தப்பிக்க வழி அந்த முறையிலேயே இருக்கிறது: மாந்தர் பெயருக்கு முன் ‘@’ குறியும் காட்சித் தலைப்புக்கு முன் ஒரு புள்ளியும் வைத்தால் போதும். ‘.கவரைப்பேட்டை பிளாட்பாரம் – இரவு’ என்று புள்ளி வைத்துத் தொடங்கினால் காட்சி. அடுத்து ‘@செல்வம்’ என்று போட்டு, கீழ் வரியில் வசனம். இந்தச் சின்ன வித்தை தெரியாமல், வசனத்தைத் தங்கிலீஷில் அடித்து உதவி இயக்குநரிடம் கொடுத்துத் தமிழில் எழுதச் சொல்கிறவர்கள் இன்னும் ஏராளம்.

யூனிட் வண்டியில் எழுதப்படும் நாவல்

தமிழ்நாட்டில் புனைகதை பெருமளவு எழுதப்படும் கருவி மேசைக் கணினி இல்லை, கைப்பேசி. பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட ‘பிரதிலிபி’ போன்ற தளங்களில் தொடர்கதை எழுதும் பெண்களும் மாணவர்களும் ஆண்ட்ராய்டு போனில் பாகம் பாகமாக எழுதிப் போடுகிறார்கள். ஸ்க்ரிவனர் ஆண்ட்ராய்டுக்கு இல்லை. ஆகவே நடைமுறையில் கதைத் திட்ட மென்பொருள் என்பது கூகுள் டாக்ஸ், கூகுள் கீப், வாட்ஸ்அப்பில் தனக்குத் தானே அனுப்பிக்கொள்ளும் செய்தி, கொஞ்சம் தேர்ந்தவர்களுக்கு கூகுள் ஷீட்ஸ். இதைக் குறை என்று சொல்ல முடியாது. ஷீட்ஸில் வரிக்கு ஒரு காட்சி, பத்திக்கு ஒரு கேள்வி என்று போட்டால் ரௌலிங்கின் தாள் கைக்கு வந்துவிடுகிறது. டாக்ஸில் ஒவ்வொரு காட்சிக்கும் தலைப்பு நடை கொடுத்தால் பக்கவாட்டில் மரம் தானாக முளைக்கிறது. கவரைப்பேட்டையில் ஏறி உட்கார இடம் கிடைத்தவருக்குச் சென்ட்ரல் போய்ச் சேருவதற்குள் ஒரு காட்சி முடிந்துவிடும். நின்றுகொண்டு வருகிறவருக்குக் குரல் தட்டச்சு இருக்கிறது. தமிழுக்கு அது 2017-இல் வந்தது. வண்டியின் இரைச்சலிலும் பக்கத்துப் பயணியின் பேச்சிலும் அது என்ன எழுதும் என்பதை இரவில் உட்கார்ந்து திருத்தும்போது பார்க்கலாம்.

அரட்டை வடிவச் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் இப்போது இந்த இடத்துக்குள் நுழைந்திருக்கின்றன. கதைக்கரு கேட்டால் நிமிடத்தில் பத்துத் தரும். பத்திலும் கிராமத்துப் பாட்டியும் ஒரு பழைய பெட்டியும் இருக்கும். அந்தப் பயன்பாடு குக்கின் 1,462-இன் தொடர்ச்சி. எழுதி முடித்த அத்தியாயங்களைக் கொடுத்து, செல்வியின் வயது எங்கெங்கே முரண்படுகிறது என்று கேட்பது வேறு வகை, அதில் பலன் உண்டு. ஆனால் அன்று என்ன திதி என்று அதனிடம் கேட்டுவிட்டு அப்படியே எழுதக் கூடாது. தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்வதில் அது பெரியப்பாக்களையே மிஞ்சும். திதிக்கு நாள்காட்டித் தாள்தான் சாட்சி.

நாவல் முடிந்து துண்டுகள் கோக்கப்பட்ட பிறகு, மென்பொருள் தரும் பிரதி அச்சகத்துக்குப் போகிறது. தமிழ்நாட்டு டி.டி.பி. கடைகள் பலவற்றில் பேஜ்மேக்கரும் பழைய எழுத்துருக்களும் நெடுங்காலம் கோலோச்சின. பேஜ்மேக்கருக்கு யூனிகோடு தெரியாது. ஆகவே பிரதி ஒரு மாற்றியின் வழியாக நுழைகிறது. அங்கே மேற்கோள் குறிகள் வேறு எழுத்தாகும்; ‘ஸ்ரீ’ கட்டமாக மாறும்; சாய்வெழுத்துகள் நிமிர்ந்துகொள்ளும். இன்டிசைனுக்கு மாறிய இடங்களிலும் வரி உடையும்போது ஒற்று அடுத்த வரியின் தலையில் ஏறிக்கொள்வது உண்டு. இதற்குக் காலக்கோடும் அட்டையும் உதவாது. கடைசி புரூஃபைத் தாளில் எடுத்து, சிவப்பு மையில் ஒருவர் முதலிலிருந்து வாசிக்கிறார். புரட்டாசியில் யாராவது பிரியாணி சாப்பிடுகிறார்களா என்றும் அவரேதான் பார்க்கிறார்.